பதினைந்து நிமிஷப் பாஸ்தா

திருமலை,
திருவனந்தபுரம்,
09.06.2025

அன்பு மகள் லிபிக்கு அம்மா எழுதுவது. அங்கே அயர்லாந்தில், கார்க்கில் நீ நல்ல சுகத்தோடு இருக்கிறாய், புது வேலையும் அந்த லேபும் உனக்குப் பிடிபட்டுவிட்டது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி, அதற்காகவே காலையும் மாலையும் ஜெபித்து இதை எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனா தானாக ஓடுகிறது, ஆனால் அது முக்கால் உண்மைதான், மீதிக் காலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிறோமே, அதில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். போனில் சொல்லப் போனால் இரண்டாவது வாக்கியத்தில் நான் அழுதுவிடுவேன், நீ அங்கே தனியாகப் பதறுவாய், பக்கத்தில் இருக்கிற அப்பா மேசையைத் தட்டுவார். கடிதத்தில் அழுதால் மை கலங்கும், அவ்வளவுதான், வேறே தாள் எடுத்துக்கொள்ளலாம். இது மூணாவது தாள், கேட்டியா.

மே மாதம் பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் நான் உனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினது ஞாபகம் இருக்கும். நீ போன தடவை கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது செய்தாயே, வெள்ளையாய் ஒரு பாஸ்தா, கோழியும் கீரையும் போட்டது, அதை எப்படிச் செய்கிறது என்று கேட்டேன். நீ முதலில் சிரிக்கிற முகம் ஒன்பது அனுப்பினாய், நான் எண்ணினேன். பிறகு நாலு நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், அதில் முதல் ஒரு நிமிஷம் முழுக்கச் சிரிப்பு. அம்மா சமைக்கப் போறியா, அப்பா சம்மதிச்சாரா, கேஸ் சிலிண்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கா என்றெல்லாம் கேட்டாய். நான் அப்பாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் என்று பதில் போட்டேன். அது பொய் மக்களே. பிப்ரவரியிலிருந்து நான் உன்னிடம் சொன்ன பொய்களை வரிசையாக வைத்தால் இங்கேயிருந்து கழக்கூட்டம் வரை போகும். அப்பாவுக்குத் தொண்டையில் இன்பெக்சன் என்று சொன்னேனே, அது இன்பெக்சன் இல்லை, கேன்சர். எழுதிவிட்டேன். இதற்கு மேலே எழுதுகிறது எல்லாம் லேசுதான், நீயும் ஒரு மூச்சு விட்டுவிட்டு மேலே படி. சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆபரேஷன் வேண்டாம், ரேடியேஷன் போதும் என்று சொன்னார்கள். மார்ச் பதினேழாம் தேதி தொடங்கி முப்பத்துமூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். மே இரண்டாம் தேதி அது முடிந்தது. ஏப்ரல் வெயிலில் அப்பா வீடியோவில் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு நான் ஏசிக் குளிர் என்று காரணம் சொன்னேன். நம்ம ஹாலில் ஏசியே கிடையாது என்று உனக்குத் தெரியும், இருந்தும் நீ ஒன்றும் கேட்கவில்லை, பாவம். கழுத்துத் தோல் கறுத்துப்போயிருந்ததை மறைக்கத்தான் மப்ளர். குரல் போனதற்குச் சர்ச் ஸ்போர்ட்ஸ் டேயில் கத்தினார் என்றேன். இந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டே நடக்கவே இல்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். எட்டு மாசம் வேலையில்லாமல் அந்த ஊரில் நீ பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். மார்ச்சில் இந்த வேலை கிடைத்துச் சேர்ந்தாய், சேர்ந்த மறுவாரம் இவருக்கு ரேடியேஷன். சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அடுத்த பிளைட்டில் ஏறிவிடுவாள், சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். அப்போது அவருக்குக் கொஞ்சம் குரல் இருந்தது. அவர் கடைசியாக முழுசாகப் பேசின பேச்சே அதுதான் என்று இப்போது நினைத்தால் தோன்றுகிறது. அதற்குப் பிறகு வலி கூடி, பேச்சைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்ல, இவர் ஒரு பழைய அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரை எடுத்து அதில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். முப்பது வருஷம் ஸ்கூல் கிரவுண்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு விசிலே இல்லாமல் கூப்பிட்ட பி.டி. மாஸ்டர் இப்போது பென்சிலால் கூப்பிடுகிறார். மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் நான் வரவேண்டும், இரண்டு தட்டு என்றால் நான் போகவேண்டும். இரண்டு தட்டுத்தான் அதிகம்.

இனி என்னுடைய சமையலைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்ம வீட்டில் யார் சமைத்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் சபையில் யாருக்கும் தெரியாது, அது என்னுடைய சாமர்த்தியம். செக்ரட்டேரியட்டில் முப்பத்திரண்டு வருஷம் பைல் நோக்கினவள் நான், சாயங்காலம் ஆறரைக்கு வீடு வந்தால் உன் அப்பா மீன்குழம்பை இறக்கி வைத்திருப்பார். பெண்கள் சங்கத்துக் கூட்டத்துக்கு நான் கொண்டுபோன கோழி வறுவல், மீன் அவியல், கிறிஸ்மஸ் கேக் எல்லாம் அவர் செய்தது. தாசம்மாளுக்குக் கைப்பக்குவம் கர்த்தர் கொடுத்தது என்று அவர்கள் சொல்லும்போது நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு மட்டும்தான் நான் செய்தது. கர்த்தர் அதையெல்லாம் குறித்து வைத்திருந்திருக்கிறார் போல. அப்பா படுத்துக்கொண்ட பிறகு எனக்குத் தெரிந்தது மொத்தம் மூன்று: கஞ்சி, முட்டை அவிப்பது, பால் காய்ச்சுவது. இதில் பால் பாதி நாள் பொங்கிவிடும்.

ரேடியேஷன் முடிந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன், முடிந்த பிறகுதான் மோசம். வாய் முழுக்கப் புண், எச்சில் கட்டியாகி நூல்போல வருகிறது, உப்பு பட்டால் எரிகிறது, மிளகு என்று சொன்னாலே கண்ணில் தண்ணீர். எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிறதுபோல இருக்கிறது என்று எழுதினார். என் கஞ்சியை நாலு நாள் குடித்தார், அஞ்சாவது நாள் இரண்டு தட்டு. பால்பவுடர் கலக்கிக் கொடுத்தேன், பாதி கிளாஸ். எழுபத்தொரு கிலோ இருந்த மனுஷன் ஐம்பத்தாறரைக்கு வந்துவிட்டார். மே பதினைந்தாம் தேதி டாக்டர் நோக்கிவிட்டு, திங்கட்கிழமை வாங்க, அதுக்குள்ள இன்னும் குறைஞ்சா மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்கணும் என்று சொன்னார். டயட்டீஷியன் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெண்ணெய், கிரீம், முட்டை, நல்லா வெந்து கொத்தின கோழி, இதெல்லாம் மெத்தென்று வழுக்கிப்போகிற மாதிரி கொடுங்க ஆன்ட்டி என்று சொன்னாள். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தேன். குறிக்கத் தெரியும் எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ரெஜிஸ்டரை எடுத்து ஒரே வார்த்தை எழுதினார், போதும் என்று. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, அவர் முகத்துக்கு நேரே நின்று, யாருக்குப் போதும், உமக்குப் போதும் என்றால் எனக்கு யார் சோறு போடுவார், முப்பத்தஞ்சு வருஷம் என்னை அடுப்புப் பக்கம் விடாமல் வளர்த்துவிட்டு இப்போது போதும் என்று எழுதினால் நான் பட்டினி கிடந்து சாகவா என்று கத்தினேன். சொல்லி முடித்த பிறகுதான், சாகக் கிடக்கிற மனுஷனிடம் என் சாப்பாட்டுக்குச் சண்டை போட்டேன் என்று எனக்கே உறைத்தது. இப்படியும் ஒரு பெண்சாதி. அவர் ரெஜிஸ்டரில் வேறே பக்கம் புரட்டினார். பிறகு பென்சிலை எடுத்து மெதுவாக எழுதினார், லிபி செய்த அந்த வெள்ளைக் குழாய் ஒருவேளை இறங்கும் என்று. அன்றைக்கு நீ அதைச் செய்து வைத்தபோது நான் என்ன சொன்னேன், போஸ்டர் ஒட்டுகிற பசை என்று சொல்லி ஒரு ஸ்பூன் தின்றுவிட்டு எழுந்துபோனேன். இவர் மட்டும் இரண்டு தடவை வாங்கித் தின்றார். அந்தப் பசைக்காகத்தான் மறுநாள் காலையில் உன்னிடம் கெஞ்சினேன்.

உன் வாய்ஸ் மெசேஜை நான் ஏழு தடவை கேட்டு, மார்ஜின் விட்டு, பதினேழு நம்பர் போட்டு எழுதினேன். கடைசியில் நீ பதினைந்து நிமிஷத்தில் முடிஞ்சிரும் அம்மா, ஒண்ணுமில்லை என்று சொல்லியிருந்தாய். நானும் அதற்கு அடியில் கோடு போட்டேன். பாஸ்தா வாங்கச் சாலை பஜாருக்குப் போனேன், அப்பா வழக்கமாகச் சாமான் வாங்குகிற பிச்சைக்கனி அண்ணாச்சி கடைக்கு. அவர் என்னைக் கண்டதும் எழுந்து, என்னக்கா, மாஸ்டர் ரெண்டு மாசமா வரல்லியே, நம்ம மேல எதும் வருத்தமா என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கார் என்றேன், அங்கேயும் பொய். வெள்ளைக் குழாய் வேணும் என்றேன். அவர் பிவிசி குழாய் அடுத்த கடையில்தான் கிடைக்கும் என்று ஆள் அனுப்பப் பார்த்தார். பிறகு விளங்கிக்கொண்டு, மக்ரோனியாக்கா, அதைச் சொல்லுங்க என்று ஒரு பாக்கெட் எடுத்துத் தந்தார். உப்பே இல்லாமல் வேகவைக்கலாமா என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கிரீமை ஜங்ஷனில் ஒரு பேக்கரியில் கேட்டு வாங்கினேன். என்ன கிரீம் என்று அந்தப் பெண் கேட்டாள், வெள்ளைக் கிரீம் என்று அதிகாரமாகச் சொன்னேன். செக்ரட்டேரியட் குரல் இன்னும் போகவில்லை எனக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குத் தொடங்கினேன். அப்பா டைனிங் டேபிளில் உட்கார்ந்து அடுக்களையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகில் கண் பட்டுக்கொண்டே இருந்தது. கோழி கொத்தினதை வெண்ணெயில் வதக்கச் சொல்லியிருந்தாய், நான் வெண்ணெயைப் போட்டுவிட்டுப் பூண்டைத் தேடப் போனேன், வந்து பார்த்தால் வெண்ணெய் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது, மறுபடியும் தொடங்கினேன். மக்ரோனியை வேகவைத்து வடித்துத் தண்ணீரை எல்லாம் சிங்கில் கொட்டின பிறகு ஆறாம் நம்பரைப் படித்தேன், பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதே என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்தத் தண்ணீருக்காக இன்னும் ஒரு பிடி மக்ரோனியைத் தனியாகப் போட்டு வேகவைத்தேன். மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது, திரும்பினால் அப்பா ரெஜிஸ்டரைத் தூக்கிக் காட்டுகிறார், அடுப்பைக் குறை என்று. குறைத்தேன், அணைந்துபோனது. இப்படி ஏழே முக்காலுக்கு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார், முகம் ஒன்றும் காட்டவில்லை, அவருக்குத்தான் ருசியே தெரியாதே. ஆனால் மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்து பார்த்தார், பென்சிலை எடுத்தார், பிறந்தநாள் யாருக்கு என்று எழுதினார். நான் ஒரு வாய் தின்று பார்த்தேன். கேக்குக்கு மேலே பூசுகிற கிரீம் மக்களே. சர்க்கரையும் வெனிலாவும் போட்டது. கோழிப் பாயசம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் தொண்டை கிழிகிறது, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் மூச்சு முட்டி, கண் செருகி, நான் முதுகைத் தடவிக்கொண்டே கர்த்தரே கர்த்தரே என்று கூப்பிட்டேன். நின்ற பிறகு அவர் ஒரு மடக்குப் பால் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் அந்தப் பாத்திரத்தைக் கழுவப் போய்ச் சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோழியை இனிப்பாக்கி ஒரு நோயாளியைச் சிரிக்கவைத்துக் கொல்லப் பார்த்தவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை காலையில் நான் கீழ்வீட்டு ஷிஜாவிடம் போனேன். அவள் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள், சனிக்கிழமை அரைநாள் போவாள், அங்கே பெரிய சூப்பர்மார்க்கெட்டில் நல்ல கிரீம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். கிரீம் வேணும் மோளே, இனிப்பில்லாதது என்று கேட்டேன், கேட்கும்போதே அழுதுவிட்டேன். கிரீமுக்கு அழுகிற பெண்பிள்ளையை அவள் அதுவரை பார்த்திருக்கமாட்டாள். உள்ளே கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், முதலில் அவளிடம்தான் சொன்னேன், அதற்கு நீ என்னை மன்னிக்கணும். லிபிக்கு அறியாமோ, தெரியுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். பிறகு, ஆன்ட்டி, எனக்குப் பரீட்சை என்று சொல்லி என் அச்சனுக்கு முடியாததை வீட்டில் மறைச்சாங்க, நான் வந்தப்ப அச்சனுக்கு என்னை ஆளே தெரியல்ல, அம்மையிடம் இன்னும் நான் சரியாப் பேசுறதில்ல, பேசணும்னு நினைக்கிறேன், வாய் வரல்ல என்று அவளுடைய கலவைத் தமிழில் சொன்னாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவள் கிரீம் கொண்டுவந்தாள், துருவின சீஸும் சேர்த்து. நீ பாலக் கீரை என்று சொல்லியிருந்தாய், அது நம்ம கடையில் இல்லை, நம்ம ஊர் சிவப்புக் கீரைதான் இருந்தது, கீரை கீரைதானே என்று வாங்கிவந்தேன். ஷிஜா கூட நின்று உதவட்டுமா என்று கேட்டாள். உதவியோடு செய்தால் என் மானம் என்னாவது, போ மோளே என்று அனுப்பினேன். இந்தத் தடவை அப்பா மேசையைத் தட்டவில்லை, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அடுக்களை வாசலில் போட்டார். நான் ஒவ்வொன்றாகச் செய்ய, அவர் கையால் காட்டுவார், இன்னும் வேகட்டும், இன்னும், இன்னும் என்று. நீ கொஞ்சம் கடிபடும்போதே இறக்கிவிடு என்று சொல்லியிருந்தாய், இவருக்குக் கடிபடக்கூடாது, நாக்கால் அழுத்தினால் உடையவேண்டும். முப்பது நிமிஷம் வேகவிட்டேன். தண்ணீரை ஒரு கப் எடுத்துத் தனியாக வைத்தேன், வைத்ததை அவரிடம் காட்டினேன், அவர் ஸ்கூல் பிள்ளைகளுக்குச் செய்வதுபோலத் தலையாட்டினார். அறுபத்துமூன்று வயதில் எனக்கு அது என்னமோ மெடல் கிடைத்ததுபோல இருந்தது. கோழியை மிக்சியில் இரண்டு சுற்று விட்டேன். கிரீம் ஊற்றிக் கிளறி, கடைசியாகக் கீரையைப் போட்டேன். போட்டதுதான் தாமதம், மொத்தமும் ரோஸ் நிறம். கிளறக் கிளற இன்னும் சிவக்கிறது. அவரைப் பார்த்தேன், அவர் எட்டிச் சட்டிக்குள் பார்த்தார். பென்சிலை எடுத்து, கல்யாண வீட்டுக்கா என்று எழுதினார், சிரிக்காமல் இருக்க ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரிக்காமல் நின்றேன், முந்தின நாள் பயம் போகவில்லை.

கிண்ணத்தில் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு நான் சிங்க் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். நோக்கினால் அவருக்குத் தின்ன வராது என்று தெரியும், எனக்கும் நோக்கத் தைரியம் இல்லை. ஸ்பூன் கிண்ணத்தில் படுகிற சத்தம் வந்தது, பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடியும் வந்தது. விழுங்கும்போது அவர் காலைத் தரையில் ஒரு உதை உதைப்பார், வலிக்கு. அந்த உதையை எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு. இருபத்தாறு வரை எண்ணினேன், அதற்கு மேல் கண் நிறைந்து கணக்கு விட்டுப்போனது. திரும்பினபோது கிண்ணத்தில் ஓரமாக ரோஸ் நிறத்தில் கொஞ்சம்தான் மிச்சம். ரெஜிஸ்டரில் எழுதியிருந்தார், ருசி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இறங்கிவிட்டது என்று. லிபி, என்னை இதுவரை எவ்வளவோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள், ரிட்டையராகும்போது சால்வை போட்டுப் பேசினார்கள். இதுபோல ஒன்று யாரும் சொன்னதில்லை. நான் நேராக பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவர் அடுத்த வரி எழுதி வைத்திருந்தார், நாளைக்குப் பூண்டு வேண்டாம், குத்துகிறது என்று. அதாவது நாளைக்கும் வேண்டும் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை, இரண்டு தடவை செய்தேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை போட்டபோது ஐம்பத்தாறு எழுநூறு. இருநூறு கிராம் கூடியிருக்கிறது. டாக்டர் என்ன கொடுத்தீங்க என்று கேட்டார். கிரீம் பாஸ்தா வித் சிக்கன் அண்ட் ரெட் ஸ்பினச் என்று இங்கிலீஷில் நிமிர்ந்து சொன்னேன், பெரிய ஓட்டல்காரிபோல. உன் அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு டாக்டருக்கு ரெஜிஸ்டரைக் காட்டினார், அதில் கோழிப் பாயசக் கதை முழுக்க எழுதியிருந்தார், எப்போது எழுதினாரோ. டாக்டரும் நர்சும் சிரிக்கிறார்கள், நான் ஹேண்ட்பேக்கைத் திறந்து இல்லாத ஒன்றைத் தேடினேன். ஒரு வாரம் தள்ளி வாங்க, ட்யூப் இப்ப வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரமும் வேண்டாம் என்றார்கள். இப்போது ஐம்பத்தெட்டரை. முட்டையும் கஞ்சியும் கூட இறங்குகிறது. நேற்று மீன் துண்டு ஒன்றை முள் எடுத்து நசுக்கிக் கொடுத்தேன், உப்பு லேசாகத் தெரிகிறது என்று எழுதினார். எழுதின பிறகு அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் காற்றுபோல வருகிறது, ஒரு நாளைக்கு ஐந்தாறு வார்த்தை. அதில் நாலு என் சமையலைத் திருத்த. நோய் முழுக்கப் போயிற்றா என்று இன்னும் தெரியாது, ஜூலை இருபத்தெட்டாம் தேதி ஸ்கேன், அதில்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். இதில் நான் ஒன்றும் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

பதினைந்து நிமிஷத்தில் முடியும் என்று நீ சொன்னாயே, நான் இதுவரை செய்ததில் குறைந்தது ஐம்பது நிமிஷம். ஆனால் ஷிஜாவின் வீட்டில் ஒரு நாள் கொடுத்தேன், நல்லா இருக்கு ஆன்ட்டி என்றாள். பெண்கள் சங்கத்துக்காரர்கள் போன வாரம் அப்பாவைப் பார்க்க வந்தார்கள், தாசம்மாள், உங்க கையால ஒரு மீன்குழம்பு வைத்துக் கொடுத்தா மாஸ்டர் எழுந்து உட்கார்ந்திருவாரே என்று ஒருத்தி சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா ரெஜிஸ்டரில் எழுதப் போனார். நான் அதைப் பிடுங்கிவிட்டு, நானே எல்லாவற்றையும் சொன்னேன், குழம்பும் கேக்கும் வறுவலும் ஒன்றும் என்னுடையது இல்லை, எல்லாம் இந்த மனுஷன் செய்தது என்று. ஒருத்தரும் நம்பவில்லை. எவ்வளவு தாழ்மை பாருங்க என்று சொல்லிவிட்டு ஜெபம் செய்து எழுந்துபோனார்கள்.

ஷிஜா சொன்னதை நான் மூன்று வாரம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்றுச் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன், நான் லிபிக்கு எழுதப் போகிறேன், உமக்குக் கொடுத்த சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அவள் என் பிள்ளையும்தான் என்று. இரண்டு தட்டுத் தட்டுவார் என்று நினைத்தேன், தட்டவில்லை. ரெஜிஸ்டரைப் பக்கத்தில் இழுத்தார். பிறகு, எழுது, ஆனால் வரவேண்டாம் என்று சொல், வேலைதான் முக்கியம் என்று எழுதிக் காட்டினார். அதையும் எழுதிவிட்டேன், அவர் சொன்னபடி. இனி நான் சொல்லுகிறது. ஸ்கேன் சமயத்தில் உனக்கு ஒரு வாரம் லீவு கேட்டால் கிடைக்குமென்றால் கேள் மக்களே. வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே, கேட்டுவிட்டு, டிக்கெட் போட்டுவிட்டு, சமாதானமாக வா. முப்பத்துமூன்று தடவையும் நான்தான் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன், வெளியே பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இந்த ஒரு தடவை எனக்கு அந்தப் பெஞ்சில் தனியாக உட்காரப் பயமாக இருக்கிறது. தைரியசாலி என்று உன்னிடம் நான் காட்டிக்கொண்டதெல்லாம் பெண்கள் சங்கத்தில் காட்டிக்கொண்டதைப் போலத்தான்.

கர்த்தர் உன்னை இரவும் பகலும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதித்து, போக்கிலும் வரத்திலும் துணையாக இருப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ கூப்பிடுவாய், கோபம் வரும், வரவேண்டியதுதான். அப்பாவிடம் சத்தம் போடாதே, அவரால் திருப்பிச் சத்தம் போட முடியாது. என்னிடம் போடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போடு, நான் போனை வைக்கமாட்டேன்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கிற
அம்மா,
தாசம்மாள்